வாழைக்கு வரன் தேடுகிறார்கள்!

திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் நானும் எங்கள் புகைப்படக்காரரும் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம். இளம் தாய் ஒருத்தி. அவள் தோளில் தூங்கும் கைக்குழந்தை. பக்கத்தில் முந்தானையால் குழந்தைக்கு நிழல் பிடித்தபடி ஒரு பாட்டி. எல்லோருக்கும் பின்னால், வியர்த்து விறுவிறுத்துக்கொண்டு குழந்தையின் தகப்பனார். அவர் தோளில் ஒரு முழுத் தார் பூவன் பழம்!

தாயுமானவர் சந்நிதியில் இது புதிய காட்சி அல்ல. சுகப் பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள், குழந்தை பிறந்தபின் வாழைத்தார் கொண்டுவந்து சமர்ப்பிப்பது இந்த ஊர் வழக்கம். காவேரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் தங்கிவிட, இக்கரையில் தவித்த மகளுக்குச் சிவபெருமானே தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம்.

"எத்தனையோ பழம் இருக்கே, பாட்டி. வாழைத்தார்தான் கொடுக்கணும்னு ஏன் வச்சாங்க?" என்று கேட்டேன்.

பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது என்ன கேள்வி, கண்ணு? வாழை எப்பவாச்சும் வம்சம் அத்துப் போயிருக்கா? தாய் சாயறதுக்கு முந்தியே கன்னு வந்து நிக்குமே! அந்த மாதிரி இந்தக் குடும்பமும் தழைக்கணும்னுதான்."

பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு நாள் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் சுற்றி, வாழை ஆராய்ச்சித் தோட்டத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பியபோது, பாட்டி சொன்னதில் பாதிதான் உண்மை என்று தெரிந்துவிட்டது. வாழையின் வம்சமும் அறுந்துபோகக் கூடியதுதான். அது அறுந்துவிடாமல் காப்பதற்காகத்தான் விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறார்கள். வாழைக்கு வரன் தேடுகிறார்கள்!

மண்டியில் கேட்ட பெயர்கள்

காந்தி மார்க்கெட் பக்கத்தில் வாழைக்காய் மண்டி. லாரியிலிருந்து தார்கள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. லால்குடி, முசிறி, தொட்டியம் என்று காவேரிக் கரை ஊர்களின் பெயர்கள் காதில் விழுகின்றன. நம் கண்ணுக்கு எல்லாம் வாழைத்தார்தான். மண்டிக்காரர் கண்ணுக்கு அப்படியில்லை.

"இது பூவன், அம்மா. நம்ம ஊர்ப் பழம். இலைக்கும் இதுதான் நல்லது. இது கற்பூரவல்லி, தேன் மாதிரி இனிக்கும். இது மொந்தன், பஜ்ஜிக்கும் பொரியலுக்கும். அது ஏலக்கி. அந்த மூலையிலே பச்சைநாடன். இது நேந்திரன், சிப்ஸுக்குப் போகுது. பச்சை வாழையிலே இப்ப எல்லாம் ஜி-9 தான்" என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"ரஸ்தாளி?" என்றேன்.

"வரும், வரும். ஆனா முன்னே மாதிரி இல்லே. விலையும் கூட" என்று சொல்லிவிட்டு வேறு வாடிக்கைக்காரரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தப் பதிலின் மீதியை ஸ்ரீரங்கத்தில் கேட்டேன். உத்தர வீதிப் பக்கம் பழைய வீடு ஒன்று. அங்கே எண்பது வயதைத் தாண்டிய ஒரு மாமி காப்பி கொடுத்து உபசரித்தபடியே தன் கொல்லைப்புறத்துக் கதையைச் சொன்னார்.

"இந்தக் கொல்லையிலே எங்க மாமனார் வச்ச ரஸ்தாளி இருந்தது. ஒரு சீப்பு பழுத்தா வாசத் திண்ணை வரைக்கும் மணக்கும். ஒரு வருஷம் அடி இலை மஞ்சளாச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா ஒடிஞ்சு, பாவாடை கட்டிண்டாப்போலே மரத்தைச் சுத்தித் தொங்கித்து. வெட்டிப் பார்த்தா உள்ளே செவப்பா ஒரே கீத்துக் கீத்தா இருந்தது. அந்தக் கன்னை எடுத்து வேறே இடத்திலே வச்சோம், அதுவும் போச்சு. ஆனா பக்கத்திலேயே நின்ன பூவனை ஒண்ணும் பண்ணலையே, அது என்ன கணக்கு, சொல்லுங்கோ?"

மாமி கேட்ட அந்தக் கடைசிக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கல்யாணம் ஆகாத குடும்பம்

வாழைப்பழத்தை உரித்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சின்னஞ்சிறு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை விதையாக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆகாமல் போனவை. காட்டு வாழையின் பழத்தில் அவையே மிளகைப்போல் உருண்டு, பல்லை உடைக்கும் கடினத்தோடு பழம் முழுவதும் நிறைந்திருக்கும். சதை பேருக்குத்தான் இருக்கும்.

காட்டு வாழைகளில் இரண்டு ஜாதிகள் நமக்கு முக்கியம். ஒன்றுக்கு மூஸா அக்யுமினாட்டா என்று பெயர். மற்றொன்று மூஸா பால்பிசியானா. நாவில் தடுக்கும் பெயர்கள்! விஞ்ஞானிகளே அவற்றை 'ஏ' என்றும் 'பி' என்றும் சுருக்கிக்கொண்டார்கள். 1955-ம் ஆண்டில் ஸிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், 15 அடையாளங்களை வைத்து உலகத்து வாழைகளையெல்லாம் இந்த இரண்டு மூதாதையரின் வம்சாவளியில் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் ஒன்றை நீங்களே பார்க்கலாம். இலைக் காம்பின் மேல் ஓடும் வாய்க்கால் அகலத் திறந்திருந்தால் 'ஏ' ஜாதியின் சாயல். விளிம்புகள் கூடி மூடியிருந்தால் 'பி' ஜாதியின் சாயல்.

உயிரணுவுக்குள் பெற்றோரின் குணங்களைச் சுமந்து வரும் நூல்களுக்குக் குரோமோசோம் என்று பெயர். காட்டு வாழைக்கு 11 வீதம் இரண்டு வரிசை, ஆக 22. நாம் விரும்பித் தின்னும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று வரிசை, ஆக 33. எந்தக் காலத்திலோ எந்தக் காட்டிலோ தற்செயலாக நடந்த கலப்பில் இப்படி ஆகிவிட்டது. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் எல்லாம் இரண்டு 'ஏ', ஒரு 'பி'. கற்பூரவல்லிக்கும் மொந்தனுக்கும் ஒரு 'ஏ', இரண்டு 'பி'. செவ்வாழைக்கும் பச்சை வாழைக்கும் மூன்றுமே 'ஏ'.

இந்த மூன்றில்தான் சிக்கல். கோலாட்டத்துக்குப் பெண்கள் இரண்டிரண்டு பேராக எதிர்எதிரே நிற்கவேண்டும். மூன்று மூன்று பேராக நிறுத்தினால் கோல் தப்பும், பாட்டுத் தப்பும், ஆட்டமே கலைந்துவிடும். விதை உண்டாகும்போது குரோமோசோம்களும் ஜோடி சேர்ந்து பிரியவேண்டும். மூன்று வரிசை இருந்தால் ஜோடி சரியாக அமைவதில்லை. ஆகவே விதை இல்லை. மகரந்தம் சேராமலே காய் பருத்துவிடும் குணமும் இந்த வாழைகளுக்கு இருப்பதால், நமக்கு விதையில்லாத பழம் கிடைக்கிறது.

நமக்கு லாபம்தான், வாழைக்கு நஷ்டம்! விதை இல்லாததால் அது கல்யாணம் செய்துகொள்வதில்லை. கிழங்கிலிருந்து கன்று கிளம்புகிறது. அந்தக் கன்று உண்மையில் மகள் அல்ல, தாயேதான், மறுபடியும். மாமனார் வைத்த ரஸ்தாளியும் அதன் கன்றின் கன்றும் ஒரே உடம்பு. குணத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்காது, எப்போதோ தானாக நேரும் சிறு மாறுதலைத் தவிர.

பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் அம்மை போட்டால், ஒன்றிரண்டு பிள்ளைகளாவது தெம்பாகத் தப்பி நிற்கும். பத்தும் ஒரே உடம்பாக இருந்துவிட்டால்? ஒன்றைக் கொல்லும் நோய் பத்தையும் கொல்லும். வாழையின் கதை இதுதான்.

ஒரு சாம்ராஜ்யம் சரிந்தது

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நம் பாட்டிமார் காலத்துக் குழந்தைகள் தின்ற வாழைப்பழம் இன்று அங்கே கடைகளில் இல்லை. அதன் பெயர் க்ரோ மிஷேல். மத்திய அமெரிக்காவிலும் ஜமைக்காவிலும் பெரிய கம்பெனிகள் காட்டை வெட்டி, கண்ணுக்கெட்டிய தூரம் அந்த ஒரே ரகத்தைப் பயிர் செய்தன. மண்ணில் வாழும் ஒரு காளான் இனம் அதன் வேரில் புகுந்தது. தண்ணீர் ஏறும் குழாய்களை அது அடைத்துவிடும். மரம் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தால் சாகும். பனாமா வாடல் நோய் என்று பெயர் வந்தது. மருந்து ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு தடவை மண்ணில் இறங்கிவிட்டால் பல பத்தாண்டுகள் அந்தக் காளான் அங்கேயே காத்திருக்கும். 1960-களோடு க்ரோ மிஷேலின் வியாபாரம் முடிந்தது.

அதற்குப் பதிலாக வந்தது கேவண்டிஷ் என்னும் பச்சை வாழை. இந்தக் காளானை அது தாங்கிற்று. நம் மண்டியில் பார்த்த ஜி-9, அதாவது கிராண்ட் நைன், அந்தக் குடும்பம்தான். உலக நாடுகளுக்குள் கப்பலில் போகும் பழத்தில் பெரும்பகுதி இன்று கேவண்டிஷ். மறுபடியும் ஒரே உடம்பு! கதையும் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. டி.ஆர்.4 என்று அழைக்கப்படும் புதிய வகைக் காளான் கேவண்டிஷையே சாய்க்கிறது. கிழக்காசிய நாடுகளில் பரவி, நம் நாட்டில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் தலைகாட்டி, 2019-ல் தென் அமெரிக்காவில் கொலம்பியாவுக்கும் போய்விட்டது.

ஸ்ரீரங்கத்து மாமியின் கொல்லையில் நடந்ததும் அதே வாடல் நோய்க்குரிய அடையாளங்கள்தான்: அடி இலை மஞ்சளாவது, பாவாடைபோல் தொங்குவது, கிழங்கை வெட்டினால் சிவந்த கீற்றுகள். ரஸ்தாளிக்கு அந்த நோயைத் தாங்கும் சக்தி இல்லை. பூவனுக்கு இருக்கிறது. இரண்டுக்கும் இரண்டு 'ஏ', ஒரு 'பி' என்ற ஒரே கணக்குதான். ஆனால் இரண்டும் வெவ்வேறு கலப்பில் பிறந்தவை. வெவ்வேறு சீதனத்தோடு வந்தவை. ஒரு கொல்லையில் இரண்டு ரகம் இருந்ததால் மாமிக்கு ஒன்றாவது மிஞ்சியது. "பக்கத்திலே நின்ன பூவனை ஒண்ணும் பண்ணலையே" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

தாயனூர்த் தோட்டம்

திருச்சியிலிருந்து தோகைமலை போகும் ரஸ்தாவில் தாயனூர் இருக்கிறது. அங்கேதான் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். மத்திய விவசாய ஆராய்ச்சிக் கவுன்சில் 1993-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி இதைத் தொடங்கிற்று. வாழைக்கென்றே ஒரு தேசிய நிலையம் வைக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

உள்ளே இருக்கும் தோட்டத்தை 'ஜீன் பாங்கு' என்கிறார்கள். பணத்துக்குப் பதில் குணங்களைப் போட்டு வைக்கும் பாங்கு! அஸ்ஸாம், அருணாசலம் முதலிய வடகிழக்குக் காடுகள், மேற்குத் தொடர்ச்சி மலை, அந்தமான் என்று பல இடங்களிலிருந்து கொண்டுவந்த வாழைகள் 300-க்கு மேல் இங்கே வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை. ஆளுயரத்துக்குக் கீழே ஒன்று; தென்னையோடு போட்டி போடும் உயரத்தில் ஒன்று. பூவைத் தலைகீழாகத் தொங்கவிடாமல் ரோஜா நிறத்தில் மேல்நோக்கி நிமிர்த்தி நிற்கும் அலங்கார வாழை ஒன்று. எங்கள் புகைப்படக்காரர் அதைவிட்டு நகர மறுத்துவிட்டார்.

இவற்றில் பாதியைச் சந்தைக்குக் கொண்டுபோனால் யாரும் வாங்கமாட்டார்கள். சிலவற்றில் முழுக்க விதை. சில விரல் நீளம்கூட இல்லை. ஆனால் ஒன்றின் உடம்பில் வாடல் நோயைத் தாங்கும் குணம் இருக்கலாம். ஒன்றின் இலையில் புள்ளி நோய் பற்றாமல் இருக்கலாம். ஒன்று வறட்சியைப் பொறுக்கலாம். வெளிப் பார்வைக்குப் பிரயோஜனமில்லாத இந்த வாழைகள்தான் வரன்கள்!

அஸ்ஸாமில் பீம்கல் என்று ஒரு விதை வாழை உண்டு. 'பி' ஜாதிக்காரன். அங்கே தாய்மார்கள் அதன் விதையை நீக்கிக் கூழாக்கிக் கைக்குழந்தைகளுக்கு ஊட்டுகிறார்கள். நமக்குக் காட்டு வாழை. அவர்களுக்குக் குழந்தை உணவு. பிரயோஜனம் இல்லாதது என்று எதைத்தான் சொல்வது?

தோட்டத்திலும் நோய் வரலாம், புயல் வரலாம். அதற்காகச் சின்னஞ்சிறு துளிர்களைக் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தும் பாதுகாக்கிறார்கள். பெல்ஜியத்தில் லூவன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 1985-லிருந்து இப்படி ஒரு சர்வதேசக் களஞ்சியம் நடக்கிறது. உலகெங்குமிருந்து வந்த 1,500-க்கு மேற்பட்ட வாழைகள் அங்கே குழாய்களுக்குள் குளிர்ந்த அறையில் வசிக்கின்றன.

முகூர்த்தம் காலை நேரம்

கலியாணம் எப்படி நடக்கிறது?

முதலில் பெண் பார்ப்பது. மூன்று வரிசை வாழைகள் எல்லாமே முழு மலடு அல்ல. சிலவற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு விதை பிடிக்கும் சக்தி மிச்சமிருக்கிறது. அப்படிப்பட்டவைதான் தாயாக முடியும். மாப்பிள்ளைகள் இரண்டு வரிசைக்காரர்கள். காட்டு வாழை மட்டும்தான் என்றில்லை. கன்னியாகுமரிப் பக்கத்து மட்டி, நாமரை, ஆனைக்கொம்பன் போன்ற நாட்டு ரகங்களிலும் இரண்டு வரிசை உண்டு. மலேயாவிலிருந்து வந்த பிஸாங் லிலின் என்பது நோய்களை எதிர்ப்பதில் பேர்பெற்ற மாப்பிள்ளை.

வாழைப்பூவை ஆய்ந்த கைகளுக்கு இனிச் சொல்வது எளிதாகப் புரியும். பூவின் மடல்கள் ஒவ்வொன்றாக விரியும்போது முதலில் வருபவை பெண் பூக்கள், அவையே சீப்புகளாகின்றன. நுனியில் பிறகு வருபவை ஆண் பூக்கள். நாம் உசிலிக்கு எடுத்துக்கொள்வது அந்த மிச்சத்தைத்தான். காலை வேளையில் மாப்பிள்ளை மரத்தின் ஆண் பூக்களிலிருந்து மகரந்தம் எடுத்து, தாய் மரத்தில் அன்று விரிந்த பெண் பூக்களின் நுனியில் தடவுகிறார்கள். வேறு மகரந்தம் வராதபடி பையால் மூடிவிடுகிறார்கள். மறுநாள் அடுத்த மடல், மறுபடியும் தடவல்.

பிறகு மூன்று நான்கு மாதம் காத்திருக்கவேண்டும். தார் முற்றியதும் ஒவ்வொரு பழமாகப் பிசைந்து விதை தேடவேண்டும். கூடை கூடையாகப் பழத்தைப் பிசைந்தும் ஒரு விதைகூட அகப்படாமல் போவதுண்டு. அகப்பட்டாலும் மண்ணில் போட்டால் பெரும்பாலும் முளைக்காது. ஆகவே விதையை மெல்லப் பிளந்து, உள்ளே இருக்கும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கருவை எடுத்து, சத்து நிறைந்த குழம்பு உள்ள கண்ணாடிக் குழாயில் வைத்து வளர்க்கிறார்கள். குறைமாதக் குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவதுபோல!

இத்தனையும் தாண்டி வளர்ந்த கன்று குலை தள்ளவேண்டும். பழம் ருசியாக இருக்கவேண்டும். தகப்பன் வழியாக விதை வந்துவிடக் கூடாது. நோய் பிடித்த மண்ணில் நட்டுப் பார்த்துத் தேறவேண்டும். சில சமயம் முதல் கலப்பில் பிறந்ததை மறுபடி ஒரு வரனுக்குக் கொடுத்து, பேத்தி தலைமுறையில்தான் நல்ல பழம் கிடைக்கும். ஆகமொத்தம் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிடும். நம் வீட்டுப் பெண்களுக்கு வரன் பார்ப்பது கஷ்டம் என்று சொல்லிக்கொள்கிறோமே!

நடந்த கல்யாணங்கள்

நம் நாட்டில் வாழைக் கலப்பு முதன்முதலில் தொடங்கியது காவேரி பாயும் பூமியில்தான். 1949-ல் தஞ்சை ஜில்லா ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையத்தில் ஆரம்பித்தார்கள். பிறகு கோயம்புத்தூரில் தொடர்ந்தது.

பழனி மலையில் விளையும் விருப்பாட்சிப் பழம் பஞ்சாமிர்தத்தால் பிரசித்தி பெற்றது. மலையை விட்டு இறங்கினால் அதன் மணம் வராது. மலையிலோ முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்தது. இந்த ருசியைச் சமவெளிக்குக் கொண்டுவர ஒரு கலியாணம் செய்தார்கள். கல்லாறு லாடன் என்ற வாழையைக் காட்டு 'பி' ஜாதி ஒன்றோடு கலந்து, பிறந்ததைக் கதலியோடு மறுபடி கலந்தார்கள். அதில் கிடைத்தது கோ-1 என்ற ரகம். 1980-களில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது.

விருப்பாட்சியின் உறவுக்காரி ஒருத்தி பிரேஸில் நாட்டில் இருக்கிறாள். அவளைத் தாயாக வைத்து, மத்திய அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டில் பில் ரோ என்ற விஞ்ஞானி 'தங்க விரல்' என்று பொருள்படும் கோல்ட்ஃபிங்கர் ரகத்தை உண்டாக்கினார். பனாமா வாடல், இலைப்புள்ளி இரண்டையும் அது தாங்கிற்று. ஆனால் பச்சை வாழைக்கே பழகிப்போன வெளிநாட்டு நாக்குகள் அதன் லேசான புளிப்பை ஏற்கவில்லை! நம் பக்கத்தில் இருந்தால் பூவனுக்குப் பழகியவர்கள் விரும்பியிருப்பார்களோ என்னவோ.

நம் தேசத்து மாப்பிள்ளை ஒருவன் ஆப்பிரிக்கா வரை போய்ச் சம்பந்தம் செய்திருக்கிறான். அவன் பெயர் கல்கத்தா-4. விதை நிறைந்த, தின்ன லாயக்கில்லாத 'ஏ' ஜாதிக் காட்டு வாழை. உகாண்டா நாட்டில் வாழைக்காயை வேகவைத்து மசித்து உண்பதுதான் அன்றாடச் சாப்பாடு. நமக்குச் சோறு மாதிரி. அந்த வாழையின் இலைகளைக் கறுப்புப் புள்ளி நோய் கருக்கியபோது, அதைத் தாங்கும் புதிய ரகங்களை உண்டாக்கக் கைகொடுத்த வரன் இந்தக் கல்கத்தா-4 தான்.

கல்யாணம் இல்லாமலே குணத்தை மாற்றும் வழிகளும் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி நிலையமும் திருச்சி மையமும் சேர்ந்து கிராண்ட் நைன் வாழையைக் காமா கதிரால் மாற்றி, குட்டையான ரகம் ஒன்றைக் கொண்டுவந்திருக்கின்றன. காற்றில் சாயாது, முட்டுக் கொடுக்கும் செலவு மிச்சம். அதற்கு வைத்த பெயர் 'காவேரி வாமன்'! அரங்கன் ஊருக்குப் பக்கத்தில் பிறந்ததற்கு ஏற்ற பெயர். ஆஸ்திரேலியாவிலோ, காட்டு வாழையின் ஒரே ஒரு மரபணுவை மட்டும் எடுத்துக் கேவண்டிஷில் சேர்த்து, டி.ஆர்.4 நோயைத் தாங்கும் வாழைக்கு 2024-ல் அரசாங்க அனுமதி பெற்றிருக்கிறார்கள்.

வழி எதுவானாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. கலப்புக்கும் மரபணுவுக்கும் போய் நிற்க வேண்டிய வாசல் காட்டு வாழையின் வாசல்தான். அது அழிந்துவிட்டால் எந்தப் பரிசோதனைச் சாலையிலும் அதைப் புதிதாகச் செய்ய முடியாது.

பைஞ்ஞீலியில் ஒரு பரிகாரம்

ஊர் திரும்புவதற்கு முன்னால் திருப்பைஞ்ஞீலிக்கும் போய்வந்தோம். திருச்சிக்கு வடக்கே, மண்ணச்சநல்லூருக்கு அப்பால் இருக்கும் பாடல் பெற்ற ஸ்தலம். ஞீலி என்றால் ஒரு ஜாதி வாழை. ஸ்தல விருட்சமும் அதுதான். ஊரின் பெயரே வாழையின் பெயர். சுவாமிக்கும் ஞீலிவனேஸ்வரர் என்றே திருநாமம். அந்த வாழையின் பழத்தை யாரும் தின்பதில்லை. சுவாமிக்கு நிவேதனம் செய்து தண்ணீரில் விட்டுவிடுவது வழக்கம் என்றார்கள். தின்னாத பழத்துக்காக எத்தனை தலைமுறை அந்த வாழையை வெட்டாமல் காத்து வந்திருக்கிறது! ஜீன் பாங்கு என்ற வார்த்தை பிறப்பதற்கு வெகு காலம் முன்பே ஓர் ஊர் அதை நடத்திக் காட்டியிருக்கிறது.

அங்கே ஒரு விசேஷம் உண்டு. கல்யாணம் தட்டிப்போகிற பெண்களும் பிள்ளைகளும் வந்து அந்த வாழைக்குப் பரிகார பூஜை செய்கிறார்கள். அன்றும் மஞ்சள் கயிற்றோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தாயார் கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள். நமக்கெல்லாம் கல்யாணத் தடையை நீக்கும் வாழைக்கே கல்யாணத் தடை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை!

நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, சகோதரிகளே. குடியானவர் எந்தக் கன்றை நடுவார்? எது விலை போகிறதோ அதைத்தான். பளபளவென்று ஒரே அளவாக இருக்கும் பச்சைப் பழத்தை மட்டும் நாம் வாங்கிக்கொண்டிருந்தால், தோட்டங்களிலும் அது மட்டும்தான் நிற்கும். ஆராய்ச்சித் தோட்டத்தில் முந்நூறு ரகம் இருந்தாலும், ஊரில் ஒன்றே ஒன்று இருந்தால் க்ரோ மிஷேல் கதைதான் நமக்கும். அடுத்த முறை தாம்பூலத்துக்குப் பழம் வாங்கும்போது கடைக்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்றைக்குப் பூவன் என்றால், ஒரு நாள் பச்சைநாடன். ஒரு நாள் கற்பூரவல்லி. கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் ரஸ்தாளி. உங்கள் குழந்தைகளுக்கும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும் வரையில்தான் எந்த ரகமும் மண்ணில் இருக்கும்.

ரயில் ஸ்ரீரங்கத்தைத் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. இரு கரையிலும் அந்தி வெளிச்சத்தில் வாழைத் தோப்புகள். மலைக்கோட்டைப் பாட்டியின் பேரப் பிள்ளை இந்நேரம் தூளியில் தூங்கிக்கொண்டிருக்கும். அது வளர்ந்து தன் குழந்தைக்காகத் தார் சுமந்து அந்தப் படி ஏறும் நாளிலும், மண்டியில் பத்துப் பெயர் ஒலிக்கவேண்டும் என்று நானும் தாயுமானவரை வேண்டிக்கொண்டேன். நிறைவேறினால் ஒரு தார் என் பங்கு. ரஸ்தாளியாகவே கொடுத்துவிடுகிறேன்!